ஜிங்க் குறைந்தால் ட்ரைகிளிசரைடு ஏறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தறிக்காரன்_கரூர்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, கரூர்ப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். கம்பெனியில் மாஸ்டர் செக்கப் என்று எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு வந்த ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 188, ட்ரைகிளிசரைடு 268, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 31, எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 103, வெறும் வயிற்று சுகர் 108. இதுவரைக்கும் ஓரளவு எதிர்பார்த்ததுதான், அப்பாவுக்கும் இதே கதை. ஆனால் அந்தப் பேக்கேஜில் விட்டமின், தாதுக்கள் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அதில் சீரம் ஜிங்க் 61 என்று தடித்த எழுத்தில் போட்டுப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி வைத்திருக்கிறார்கள். 70க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

டாக்டரிடம் காட்டினேன். கொழுப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "சோத்தைக் குறைங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். ஜிங்க்கைக் காட்டியதற்கு "அதெல்லாம் விடுங்க" என்றதோடு சரி. வெளியே ஒரு கூட்டமே காத்திருந்தது, எனக்கும் மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யூடியூபில் தேடினால், கொழுப்புக்கு மூலகாரணமே துத்தநாகக் குறைபாடுதான், ஜிங்க்கை ஏற்றினால் கொலஸ்ட்ரால் தானாக இறங்கிவிடும் என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவன் 50 மி.கி. கேப்ஸ்யூல் ஒரு டப்பா வாங்கியே கொடுத்துவிட்டான், "காலையில் ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடுங்கண்ணே" என்கிறான். டப்பா மேஜைமேல் இருக்கிறது, இன்னும் உடைக்கவில்லை.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் இட்லி, தோசை. மதியம் சாம்பார், ரசத்தோடு நல்ல அளவு சோறு. ராத்திரி மறுபடி சோறு, சில நாள் பரோட்டா. ஆபீசில் டீ எத்தனை என்று கணக்கே கிடையாது, ஒவ்வொன்றோடும் ரெண்டு பிஸ்கட். கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும், புரட்டாசியில் அதுவும் இல்லை. தண்ணி பழக்கம் இல்லை.

நிஜமாகவே ஜிங்க் குறைந்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறுமா? ஏறுமென்றால் மாத்திரை போட்டால் இறங்குமா?

லேப்_அக்கா:

தம்பி, கொழுப்புக்குப் போவதற்கு முன்னால் அந்த 61ஐக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். நான் லேபில்தான் வேலை பார்க்கிறேன். பேக்கேஜ் ரிப்போர்ட்டில் இந்த ஜிங்க் வரியைப் பார்த்துப் பதறிப் போன் பண்ணுகிறவர்கள் நிறையப் பேர்.

நம் உடம்பில் மொத்தமே 2 கிராமை ஒட்டித்தான் துத்தநாகம் இருக்கிறது. பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும். சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிநீரில், ஓடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் நாங்கள் அளக்கிறோம். அதுவும் நாள் முழுக்க ஒரே மாதிரி நிற்காது, காலையில் கூடுதலாக இருக்கும், சாப்பிட்டதும் இறங்கும். இதனால்தான் துத்தநாகத்துக்கென்றே இருக்கிற சர்வதேச நிபுணர் குழு நேரத்துக்குத் தக்க வேறு வேறு எல்லை வைத்திருக்கிறது. ஆண்களுக்குக் காலை வெறும் வயிற்றில் 74, காலையில் சாப்பிட்ட பிறகு என்றால் 70, மதியத்துக்கு மேல் 61. உங்கள் ரிப்போர்ட்டில் எல்லா நேரத்துக்கும் சேர்த்து ஒரே எல்லையாக 70 அச்சடித்திருப்பார்கள்.

சளி, காய்ச்சல், உடம்பில் எங்காவது அழற்சி இருந்தாலும் ரத்தத்திலிருக்கிற ஜிங்க் கல்லீரலுக்குள் போய் ஒதுங்கிவிடும், எண் இறங்கிவிடும். அல்புமின் என்கிற ரத்தப் புரதம் குறைந்தாலும் கூடவே இதுவும் குறையும், ஏனென்றால் அது அல்புமினைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. ரத்தம் எடுத்த டியூப் வெயிலில் கிடந்து சிவப்பணு உடைந்தாலும், டியூப் மூடியின் ரப்பரிலிருந்து ஜிங்க் கசிந்தாலும் எண் பொய்யாக ஏறும். இதற்கென்று கருநீல மூடி போட்ட தனி டியூப் இருக்கிறது. கேம்ப்பில் அதை யார் கொண்டுவருகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

உங்களுக்கு ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், அந்த வாரம் காய்ச்சல் ஏதாவது இருந்ததா?

ஜிம்_பாண்டி:

அண்ணே இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை. ஜிங்க் 300க்கும் மேற்பட்ட என்சைமுக்கு வேண்டும், மண்ணில் ஜிங்க் இல்லை, அரிசியில் ஜிங்க் இல்லை, நம்ம ஊரில் எல்லோருக்கும் குறைவுதான். கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு போட்டோமே, யாருக்கு என்ன ஆச்சு? நான் முடி கொட்டுகிறது என்று 50 போட்டுக்கொண்டிருக்கிறேன், நல்லாத்தான் இருக்கிறேன். தாராளமா ஆரம்பிங்க.

சத்துமாவு:

பாண்டி தம்பி, நல்லாத்தான் இருக்கிறீர்கள், சரி. எச்.டி.எல். பார்த்தீர்களா? ஏன் கேட்கிறேன் என்று கீழே சொல்கிறேன். (நான் டாக்டர் இல்லை. உணவு ஊட்டவியல் படித்தவள், கல்லூரியில் அதையே பாடமாகவும் நடத்துகிறேன்.)

துத்தநாகக் குறைபாடு மனிதனுக்கு வரும் என்பதே 60 வருஷத்துக்கு முன்னால் யாரும் நம்பாத விஷயம். அதைக் கண்டுபிடித்தவர் பீகார்க்காரர், பாட்னாவில் மருத்துவம் படித்த ஆனந்த பிரசாத். 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரத்தில் அவரிடம் 21 வயது ஆள் ஒருவரைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், பார்த்தால் பத்து வயதுப் பையன் மாதிரி இருக்கிறான். கடுமையான ரத்தசோகை, பருவ வளர்ச்சியே இல்லை, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கின்றன. சாப்பிடுவது புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி, அதோடு களிமண். தானியத்தின் தவிட்டில் இருக்கிற பைட்டேட் ஜிங்க்கைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், மிச்சத்தைக் களிமண் பார்த்துக்கொண்டது. பிறகு எகிப்தில் இதே மாதிரி நோயாளிகளை வைத்து 1963இல் அது துத்தநாகக் குறைபாடுதான் என்று நிரூபித்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உண்மையான கடும் குறைபாடு என்றால் வளர்ச்சி நிற்கும், வாயைச் சுற்றித் தோல் புண்ணாகும், புண் ஆறாது, வயிற்றுப்போக்கு விடாது, நாக்கில் ருசி தெரியாது. தறிக்காரன் அண்ணாவுக்கு இதில் ஒன்றும் இல்லை, இருந்தால் லேசான குறைவாக இருக்கலாம்.

இப்போது கொழுப்புக்கு வருவோம். எலியில் இதை ரொம்ப நாளாகப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் எலி ஒரு தொல்லை கொடுக்கும். ஜிங்க் இல்லாத தீனி போட்டால் சில நாளிலேயே சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்துவிடும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு சுற்றாகக் கூட்டிக் குறைத்துச் சாப்பிடும், மெலிந்துபோகும். அப்போது ரத்தக் கொழுப்பில் வருகிற மாற்றம் ஜிங்க் இல்லாததாலா, பட்டினியாலா? இந்த மாதிரி எலிகளில் 1981இல் பார்த்தபோது கொலஸ்ட்ரால் ஏறவில்லை, குறைந்தது, அதிலும் முக்கியமாக எச்.டி.எல். குறைந்தது. அப்புறம் ஜெர்மனியில் ஒரு குழு, எலிகளுக்குக் குழாய் வழியாகச் சம அளவு தீனியைக் கட்டாயமாக ஊட்டிப் பார்த்தது. அங்கேதான் கதை மாறுகிறது. ஜிங்க் இல்லாத எலிக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது, கல்லீரல் கொழுப்பைப் புதிதாகத் தயாரிக்கிற என்சைம்கள் வேகம் பிடித்தன. அதுவும் எல்லாக் கொழுப்போடும் இல்லை. தீனியில் தேங்காய் எண்ணெய் இருந்தபோது கல்லீரல் கொழுத்தது, மீன் எண்ணெய் இருந்தபோது அப்படி ஆகவில்லை. (இதைப் படித்துவிட்டுச் சட்னியை நிறுத்தாதீர்கள், இது எலி, அதுவும் குழாயில் ஊட்டிய எலி.) 2005இல் அமெரிக்காவில் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து பிடித்து எடுக்கிற ஏற்பியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு ஜிங்க் குறைந்த உணவு கொடுத்தபோது கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஏறின, அழற்சியும் கூடியது. ஆக, ஜிங்க் குறைந்தால் கொழுப்பு நிர்வாகம் கெடும் என்பதற்கு விலங்குகளில் ஆதாரம் இருக்கிறது. எந்தப் பக்கம் கெடும் என்பது என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு சாப்பிடுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

மனிதருக்கு வந்தால் எனக்கு வேறொரு சந்தேகம்தான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்து காணப்படுகிறது என்பதால் ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. சர்க்கரை ஏறினவர்களுக்குச் சிறுநீரில் ஜிங்க் கூடுதலாகப் போகும். தொப்பையோடு வருகிற மெல்லிய அழற்சி சீரம் ஜிங்க்கை இறக்கும், அக்கா சொன்ன மாதிரி. இதே சர்க்கரையும் தொப்பையும்தான் ட்ரைகிளிசரைடை ஏற்றி எச்.டி.எல்.லை அமுக்குவதும். ஆக 61ம் 268ம் ஒன்றுக்கொன்று அப்பன் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பியாக இருக்கலாம். வெறும் வயிற்று சுகர் 108 என்பது சும்மா விடுகிற எண் இல்லை.

கடைசியாக அந்த டப்பா. 1980இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான ஆண்கள் 12 பேருக்கு நாளுக்கு 160 மி.கி. ஜிங்க் ஐந்து வாரம் கொடுத்தார்கள். எச்.டி.எல். சுமார் 25 சதவீதம் இறங்கியது. காலையில் 50 ராத்திரி 50 என்றால் 100. உங்களிடம் இருப்பதே 31.

தறிக்காரன்_கரூர்:

ரொம்ப நன்றி சத்துமாவு மேடம், லேப் அக்கா. அக்கா கேட்டதற்கு: காலையில் வெறும் வயிற்றில் எடுத்தார்கள். ஆனால் "இந்த டியூப் பத்தாது சார், விட்டமின் பேனலுக்கு மறுபடி எடுக்கணும்" என்று மதியம் கூப்பிட்டு இன்னொரு முறை குத்தினார்கள். அப்போது கேண்டீனில் சாப்பிட்டு முடித்திருந்தேன். காய்ச்சல் இல்லை, ஆனால் அந்த வாரம் தொண்டைக் கட்டு இருந்தது, உப்புத் தண்ணி கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் ஜிங்க் எனக்குக் குறைவே இல்லையா? இடுப்புச் சுற்றளவு பற்றி யாரும் கேட்காதது நல்லது.

லேப்_அக்கா:

மதியம், சாப்பிட்ட பிறகு, தொண்டைக் கட்டோடு. அந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் 61 எல்லைக் கோட்டில்தான் நிற்கிறது. குறைவு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கொழுப்பு டியூப் காலையில் வெறும் வயிற்றில் போனது, அதனால் 268 உண்மையான 268தான். அடுத்த முறை எல்லாவற்றையும் காலையில் ஒரே குத்தில் எடுத்துவிடுங்கள், கூடவே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), டி.எஸ்.எச். (தைராய்டு) இரண்டும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தாலும் கொழுப்பு ஏறும், அதை விட்டுவிட்டு ஜிங்க்கைத் துரத்துகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

யாழ்_வாசன்:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், எனக்கும் நீரிழிவு இருப்பதால் இதைக் கொஞ்சம் தேடி வாசித்தனான். கொழும்புப் பல்கலைக்கழக ஆட்கள் இதில் நல்ல வேலை செய்திருக்கினம். 2012இல் நீரிழிவுக்காரருக்கு ஜிங்க் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், பிறகு 2015இல் குருதிக் கொழுப்புக்கு மட்டும் தனியாக இன்னொரு தொகுப்பு. இரண்டாவதில் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கேக்கை மொத்தக் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைட்டும் தலா 10 மி.கி. அளவில் குறைந்திருக்கு, எல்.டி.எல். அதைவிடக் கொஞ்சம் குறைவாக. நோய் உள்ளவர்களில்தான் எச்.டி.எல். கூடியது.

அதனால் "ஜிங்க்கால் ஒரு பயனும் இல்லை" என்று ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். ஆனால் கணக்கைப் பாருங்கோ. உங்கட 268இல் 10 போனால் 258. இருக்க வேண்டிய 150க்கு வர இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு? என்ர வைத்தியர் இதைத்தான் சொன்னார், "அதை மருந்தாக நினையாதை, சாப்பாட்டில் சரிபண்ணு" என்று. இரவுச் சோற்றை நிறுத்திக் குரக்கன் (கேழ்வரகு) பிட்டும் பயறும் என்று மாற்றினேன். கடல் பக்கத்தில் இருப்பதால் நண்டு, கணவாய் மலிவு. நண்டில் துத்தநாகம் தாராளம். ட்ரைகிளிசரைட் நல்லாய் இறங்கினது. ஆனால் அது நண்டாலா, இரவுச் சோற்றை விட்டதாலா என்று கேட்டால் சோற்றை விட்டதுதான் என்பேன்.

பார்மசி_மாமா:

ஒரு மருந்துக்கடைக்காரன் என்ற முறையில் லேபிள் பற்றிச் சொல்கிறேன். டப்பாவில் முன்பக்கம் பெரிதாக இருக்கிற எண்ணைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். "ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி." என்று போட்டிருப்பார்கள். நம்ம ஊர் பி காம்ப்ளெக்ஸ் கேப்ஸ்யூல்களில் சகஜமாகப் பார்க்கிற எண் அது. அதில் உள்ள உண்மையான தனி ஜிங்க் 22.5 மி.கி. மட்டும்தான், மிச்சம் சல்பேட்டும் தண்ணீரும். ஜிங்க் குளூகோனேட் என்றால் ஏழில் ஒரு பங்குதான் ஜிங்க். ஆன்லைனில் வருகிற வெளிநாட்டு டப்பாக்கள் பெரும்பாலும் தனி ஜிங்க்கையே எழுதுகின்றன. அதனால் 50 என்றால் நிஜமாகவே 50 ஆக இருக்கக்கூடும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு கேப்ஸ்யூல் அதற்கு இரண்டரை மடங்கு.

பாண்டி தம்பி கேட்டார், கொரோனா நேரத்தில் போட்டோமே என்ன ஆச்சு என்று. சில நாளில் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் போனால்தான் தொந்தரவு. ஜிங்க் அதிகமாகப் போனால் குடல் சுவர் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகும், அது செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும், அந்தச் செல் உதிரும்போது செம்பும் சேர்ந்து வெளியே போய்விடும். வில்சன் நோய் என்று உடம்பில் செம்பு சேர்கிற நோய் ஒன்று உண்டு, அதற்கு ஜிங்க்கையே மருந்தாகக் கொடுக்கிறோம், 50 மி.கி. மூன்று வேளை. செம்பை விரட்டுகிற மருந்தை, செம்பு சரியாக இருக்கிற ஆள் முடிக்காகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தால்? இரும்புச்சத்துக்கு அசையாத ரத்தசோகை, வெள்ளணு குறைவது, கால் மரத்துப்போவது என்று போகும். பல்செட் ஒட்டுகிற கிரீமில் இருந்த ஜிங்க்கால் இப்படி ஆனவர்கள் உண்டு, அதிகமாகத் தடவியிருக்கிறார்கள். கண் விழித்திரைக்கு வயதானவர்கள் போடுகிற மாத்திரையில் 80 மி.கி. ஜிங்க்கோடு 2 மி.கி. செம்பும் சேர்த்திருப்பதைப் பார்த்திருக்கலாம், காரணம் இதுதான்.

இன்னொன்று. பி.பி.க்குத் தயசைட் வகை மாத்திரை போடுகிறவர்களுக்குச் சிறுநீரில் ஜிங்க் போகும், அதைக் கவனிக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போடும்போது ஜிங்க்கைக் கூடவே விழுங்கினால் அந்த ஆன்டிபயாட்டிக் சரியாக ஏறாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் ஜிங்க் போட்டால் குமட்டும், போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறுக்குக்_கேள்வி:

எனக்கு ஒன்று இடிக்கிறது. ஜிங்க் இல்லாவிட்டாலும் எச்.டி.எல். இறங்கும் என்கிறீர்கள், ஜிங்க் அதிகமானாலும் எச்.டி.எல். இறங்கும் என்கிறீர்கள். கொழும்பில் கொழுப்பு குறைகிறது என்கிறார்கள். எதை நம்புவது? படித்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னால் யூடியூப்காரன்மேல் ஏன் கோபப்படணும்.

சத்துமாவு:

நியாயமான கேள்வி. யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் இந்த இடிப்பு பெரும்பாலும் போய்விடும். 1980இல் கொடுத்தது ஆரோக்கியமானவர்களுக்கு, குறைபாடு இல்லாதவர்களுக்கு, அதுவும் 160 மி.கி. 2010இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஆரோக்கியமானவர்களுக்கு எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடு எதுவும் அசையவில்லை, எச்.டி.எல். மட்டும் குறைந்தது. கொழும்பு தொகுப்பில் நீரிழிவு மாதிரி நோய் உள்ளவர்களும் இருந்தார்கள், யாழ் வாசன் சொன்னபடி நன்மை அவர்கள் பக்கம்தான் தெரிந்தது. ஜிங்க்கை இழந்துகொண்டே இருக்கிறவருக்கு அதை ஈடுகட்டினால் கொஞ்சம் பலன், போதுமான அளவு இருக்கிறவருக்குத் திணித்தால் நஷ்டம், இப்படித்தான் நான் படிக்கிறேன்.

செம்பும் இதில் நுழைகிறது. 1970களில் லெஸ்லி கிளேவே என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், எலிக்குக் கொடுக்கிற ஜிங்க்குக்கும் செம்புக்கும் உள்ள விகிதத்தை ஏற்றினால் கொலஸ்ட்ரால் ஏறுகிறது என்று காட்டினார், மாரடைப்புக்கே அந்த விகிதம்தான் காரணம் என்கிற அளவுக்குப் போனார். அந்தப் பெரிய முடிவை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் செம்பு குறைந்தால் கொழுப்பு கெடும் என்பது நிற்கிறது, மாமா சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்.

இந்தியக் கணக்கு ஒன்றையும் வைக்கிறேன். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய 'இந்தியாப்' (INDIAB) என்ற ஆய்வின் முதல் கட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது, 2014இல் கொழுப்பு விவரம் வந்தது. எச்.டி.எல். குறைவு 72.3 சதவீதம் பேருக்கு, ட்ரைகிளிசரைடு கூடுதல் 29.5 சதவீதம், மொத்தக் கொலஸ்ட்ரால் கூடுதல் வெறும் 13.9 சதவீதம். தறிக்காரன் அண்ணாவின் ரிப்போர்ட் அப்படியே இந்த அச்சில் வார்த்தது. தட்டில் முக்கால்வாசி மாவுச்சத்து, உட்கார்ந்த வேலை, தொப்பை இருந்தால் கல்லீரல் மிச்ச மாவுச்சத்தைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடும், அதுதான் ட்ரைகிளிசரைடு. இதற்கு ஜிங்க் வேண்டியதே இல்லை.

ஆனாலும் அந்தத் தட்டில் ஜிங்க் குறைவு என்பதும் உண்மைதான், அதனால்தான் இரண்டையும் ஒரே தட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்கிறேன். ஐ.சி.எம்.ஆர். 2020இல் ஆண்களுக்கு நாளுக்கு 17 மி.கி. என்று ஏற்றியது, முன்பு 12. அமெரிக்காவில் 11தான். நாம் தானியத்தை நம்பிச் சாப்பிடுகிறோம், பைட்டேட் போக மிச்சம்தான் உடம்பில் சேரும், அதற்காகத்தான் இந்தக் கூடுதல். தீட்டின அரிசி 100 கிராமில் 1 மி.கி. சொச்சம்தான். கேழ்வரகு, கம்பில் அதற்கு இரண்டு மடங்கு. கொண்டைக்கடலையில் 3க்கு மேல். முந்திரியில் 5க்கு மேல், எள்ளில் 7ஐ ஒட்டி. முட்டை, மீன், ஆட்டுக்கறியில் இருப்பது பைட்டேட் தடை இல்லாமல் சுலபமாகச் சேரும்.

முளைகட்டினாலும் மாவு புளித்தாலும் பைட்டேட் உடையும், அந்த வகையில் உங்கள் இட்லி பரவாயில்லை. மைசூரில் உள்ள சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்கிற உணவு ஆராய்ச்சி நிறுவனத்தில் வெங்காயமும் பூண்டும் தானியம், பருப்பிலிருந்து ஜிங்க் கிடைப்பதைக் கூட்டுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள், ஆகவே சுண்டலில் வெங்காயத்தைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ராத்திரி பரோட்டா இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு முட்டையும் வந்தால் மாவுச்சத்து குறைகிறது, ஜிங்க் ஏறுகிறது. முதலில் தூக்கி எறிய வேண்டியது பிஸ்கட்டை. டீயோடு ரெண்டு என்கிறீர்கள், டீக்குக் கணக்கில்லை என்றும் சொல்கிறீர்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், பெருக்கிப் பாருங்கள்.

ஜிம்_பாண்டி:

அக்கா, நான் இன்னும் எச்.டி.எல். பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன். முடி ஒன்றும் நிற்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பார்மசி_மாமா:

பார்க்கும்போது ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் சேர்த்துப் பார்த்துவிடு தம்பி. எத்தனை மாதமாக 50 போடுகிறாய் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல், கேட்காவிட்டாலும் சொல்.

தறிக்காரன்_கரூர்:

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன் மாமா, பொடி எழுத்தில் "தனி ஜிங்க் 50 மி.கி." என்றுதான் இருக்கிறது. பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவனையும் இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். எச்பிஏ1சி, தைராய்டு இரண்டுக்கும் எழுதி வாங்கப் போகிறேன். பிஸ்கட் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி சத்துமாவு மேடம். எள்ளில் 7 மி.கி. என்றீர்கள். எங்கள் வீட்டில் சமையலே நல்லெண்ணெயில்தான், செக்கில் ஆட்டி வாங்குகிறோம். அதில் வராதா?

சத்துமாவு:

வராது அண்ணா. தாது உப்பு எண்ணெயில் கரையாது, செக்கில் ஆட்டும்போது ஜிங்க் எல்லாம் புண்ணாக்கோடு தங்கிவிடும். ஜிங்க் வேண்டுமானால் எள்ளை முழுசாகச் சாப்பிட வேண்டும், எள்ளுப்பொடியாக இட்லிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எள்ளுருண்டை என்றால் வெல்லம் எவ்வளவு என்று நான் பார்த்துச் சொல்கிறேன். எள்ளின் ஜிங்க் இத்தனை காலம் உங்கள் ஊர் மாட்டுக்குத்தான் போயிருக்கிறது.